உறையைத் தூக்கி எறியாதீர்கள்! – ஓவியர் கடிதங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

பழைய ஓவியர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேகரிப்பவர்களும், வீட்டில் எதிர்பாராமல் கண்டெடுத்தவர்களும் அனுப்பிய கேள்விகளில் பொதுவானவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 11 பழைய கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் பிரெஞ்சில். அவற்றில் ஏழு ஒரே கையெழுத்து. 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஒருவருடையது என்கிறார்கள். நான்கைந்து உறைகள் தனியாகக் கிடக்கின்றன. மதிப்பீட்டாளரிடம் போகும் முன் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: பெட்டியைத் திறந்த நிலையிலேயே, வரிசை கலையாமல் படம் எடுத்து வையுங்கள். கட்டாகக் கட்டியிருந்தால் அந்த நூலோடு, மேலே சீட்டு ஏதும் இருந்தால் அந்தச் சீட்டோடு. இந்தக் கடிதங்கள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தன என்பதற்கு அந்தக் கட்டுதான் முதல் சாட்சி. பெரும்பாலோர் செய்யும் தவறு, ஓவியர் எழுதிய ஏழை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சம் நான்கை ஒதுக்கிவிடுவது. அந்த நான்கும் அதே ஆளுக்கு வேறு யாரோ எழுதியவையாக இருக்கலாம். கடிதம் பெற்றவர் யார், ஓவியருக்கு அவர் என்ன வேண்டும் என்பது பல சமயம் அவற்றிலிருந்துதான் தெரியவரும். பெற்றவர் யார் என்று தெரிந்த கடிதத்துக்கும் தெரியாத கடிதத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடிதத்தின் மேல் எழுத வேண்டாம். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். ஸ்டேப்ளர், ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட் மூன்றும் ஆகாது. கிளிப் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வடு விடும்; ரப்பர் சில வருடங்களில் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மடிப்பு தானாக விரிந்து கொடுத்தால் விரியுங்கள். முரண்டு பிடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இஸ்திரி போடுவது, கனமான புத்தகத்தை மேலே ஏற்றி நிமிர்த்துவது எதுவும் வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டில் விவரம் எழுதுங்கள். உயரம், அகலம் மில்லிமீட்டரில், உயரம் முதலில். எத்தனை தாள், எத்தனை பக்கத்தில் எழுத்து. மையின் நிறம். தேதி, ஊர். விளிப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே. முதல் வரி, கடைசி வரி, கையொப்பம், சேதம். இதில் பலரும் குழம்புவது தாளும் பக்கமும். நடுவில் மடித்த ஒரே தாள் என்றால் இரண்டு ஏடு, நான்கு பக்கம். ஒருவர் இதை 'ஒரு தாள் கடிதம்' என்பார், இன்னொருவர் 'நான்கு பக்கக் கடிதம்' என்பார். 'நடுமடிப்புத் தாள் ஒன்று, மூன்று பக்கம் எழுத்து' என்று குறித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. படிக்கும் வரிசையிலும் கவனம் தேவை. முதல் பக்கம் முடிந்ததும் மூன்றாம் பக்கத்துக்குப் போய், பிறகு தாளைத் திருப்பி இரண்டையும் நான்கையும் நிரப்பியவர்கள் உண்டு. 'நடுவில் ஒரு தாள் காணாமல் போயிருக்கிறது' என்று சொல்லப்பட்ட எத்தனையோ கடிதங்கள் இப்படி வரிசை மாற்றிப் படித்ததும் முழுமையாகிவிடும்.

முதல் வரியை ஏன் கேட்கிறோம் என்றால், ஓவியரின் கடிதங்கள் ஏற்கெனவே தொகுப்பாக வந்திருந்தால் உங்களுடையது அதில் இருக்கிறதா என்று தேட அதுதான் சாவி. தொகுப்பில் இருந்து, அசல் இருக்குமிடம் தெரியவில்லை என்ற குறிப்பும் இருந்தால் நல்ல செய்தி. அசல் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் போட்டிருந்தால், உங்களிடம் இருப்பது கையெழுத்தை அப்படியே எடுத்த அச்சுப் பிரதியோ, வேறொருவர் பார்த்து எழுதியதோ, ஓவியரே போட்ட முதல் வரைவோ என்று பார்க்க வேண்டும்.

இனி உறைகள். எந்த உறை எந்தக் கடிதத்துக்கு உரியது என்பதை மடிப்பின் அளவு சொல்லிவிடும். மடித்த கடிதம் உறைக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியோடு உட்கார வேண்டும். மை நிறமும் முகவரி எழுதிய கையும் பொருந்த வேண்டும். 'செவ்வாய், மாலை' என்று மட்டும் எழுதப்பட்ட கடிதத்துக்கு ஆண்டையும் மாதத்தையும் தருவது தபால் முத்திரைதான். தபால்தலைக்காக உறையின் மூலையை வெட்டி எடுத்துவிட்டால் தேதியும் அதோடு போய்விடும்.

மிகப் பழைய கடிதங்களுக்கு உறை இல்லையென்றால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னி தபால் வரும் வரை, தூரத்தோடு தாளின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் கடிதத்தையே மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள். பிரிக்கும்போது அரக்கு இருந்த இடத்தில் தாள் கிழிந்து ஓட்டை விழுவது சகஜம். அதை அடைக்கப் போகாதீர்கள். கிழிந்த துணுக்கு அரக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பல சமயம் ஓரிரு சொற்கள் அதில்தான் இருக்கும்.

கேள்வி: ஒரே ஓவியரின் இரண்டு கடிதங்கள் ஏலத்தில் வந்தன. இரண்டும் கைப்பட எழுதியவை, இரண்டிலும் கையொப்பம் உண்டு. ஆனால் ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்கு விலைக்குப் போனது. நீளமான கடிதம்தான் குறைந்த விலை! இது எப்படி?

பதில்: நீளத்துக்கு விலை இல்லை, கடிதம் என்ன பேசுகிறது என்பதற்குத்தான் விலை. விருந்துக்கு வர முடியாததற்கு மன்னிப்பு, பணம் வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை, ஓவியத்துக்கு மாதிரியாக அமரும் பெண்ணை வியாழக்கிழமை வரச் சொல்லும் குறிப்பு – இவை எல்லா ஓவியரிடமும் ஏராளம். தான் வரைந்துகொண்டிருக்கும் படத்தைப் பெயர் சொல்லிப் பேசும் கடிதம், எந்த நிறத்தை ஏன் வைத்தேன் என்று சொல்லும் கடிதம், சக ஓவியரைப் பற்றிய மனம் திறந்த கருத்து – இவை எழுதிய அளவில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் இந்தக் கடிதத்தைத் தொட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம். 1888 அக்டோபர் கடைசியில் ஓவியர் பால் கோகன், சக ஓவியர் வான் கோ தங்கியிருந்த தென் பிரான்ஸின் ஆர்ல் நகருக்குப் போனார். ஏறக்குறைய பத்து நாளில், நவம்பர் 1, 2 தேதிகளில், இருவரும் சேர்ந்து இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார்கள். 2020 ஜூனில் பாரிஸ் ட்ரூவோ ஏலத்தில் அது 2,10,600 யூரோவுக்குப் போனது. ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். எத்தனை காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, பாருங்கள். இருவர் கையும் ஒரே கடிதத்தில். இருவரும் சேர்ந்து தங்கி வரைந்த, ஓவிய வரலாறு திரும்பத் திரும்பப் பேசும் அந்தச் சில வாரங்கள். பெற்றவரும் ஓவியர். பேச்சும் கலையைப் பற்றியது. போதாததற்கு, வான் கோ எழுதியவையாக இன்று மிஞ்சியிருக்கும் சுமார் 820 கடிதங்களில் பெரும்பகுதி அருங்காட்சியகத்தில் இருப்பதால் வெளிச்சந்தைக்கு வருவதே அபூர்வம்.

பிரெஞ்சு ஓவியர் மோனேயோ ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவர். அவருடைய சாதாரணக் குறிப்பு ஒன்று ஏலத்துக்கு வந்தால், அடுத்ததற்குச் சேகரிப்பாளர் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. புகழ் ஒரே அளவில் இருந்தாலும் கிடைக்கும் எண்ணிக்கை விலையை இப்படி மாற்றிவிடும்.

ஏலப் பட்டியலில் வரும் சுருக்கெழுத்துகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எல்.எஸ். என்றால் முழுக்கக் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டது. எல்.எஸ். என்றால் வேறொருவர் எழுதியதில் ஓவியர் கையொப்பம் மட்டும். டி.எல்.எஸ். என்றால் தட்டச்சு செய்த கடிதத்தில் கையொப்பம். வயதான காலத்தில் உதவியாளரிடம் சொல்லி எழுதவைத்த கடிதங்கள் இரண்டாவது வகை. நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் உண்மையிலேயே ஒரே வகைதானா என்று பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: அசலா போலியா என்று வீட்டிலேயே எந்த அளவுக்குப் பார்க்க முடியும்? என்ன கருவி வேண்டும்?

பதில்: 10 மடங்கு லென்ஸ், சிறிய டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஓர் அளவுகோல் போதும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: இந்தச் சோதனைகள் போலியைத் தள்ளிவிட உதவும், அசல் என்று நிரூபிக்க உதவா. எல்லாவற்றிலும் தேறிய கடிதம் 'இன்னும் தள்ளப்படவில்லை' என்ற நிலையில்தான் இருக்கிறது.

முதலில் லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். மைக்கூட்டில் தோய்த்து எழுதும் நிப், கீழ்நோக்கி அழுத்தி இழுக்கும்போது இரண்டாகப் பிளந்து விரியும். அப்போது கோட்டின் இரு ஓரமும் அடர்த்தியாகவும் நடு சற்று வெளிறியும், தண்டவாளம் போலத் தெரியும். கோடு முடியும் இடத்தில் மை குளம் கட்டி நிற்கும். இன்னும் கொஞ்சம் விலகிப் பார்த்தால் தோய்த்த தாளமே தெரியும்: ஒரு சொல் அடர்த்தியாகத் தொடங்கும், நாலைந்து சொல்லில் படிப்படியாக வெளிறும், அடுத்த தோய்ப்பில் திடீரென்று கறுக்கும். அச்சுப் பிரதியில் மை எங்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். சிலவற்றில் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரியும். டார்ச்சைத் தாளுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தினால், எஃகு நிப் தாளைக் கீறிய பள்ளம் நிழலாகத் தெரியும்.

அடுத்தது மடிப்பு. இங்கேதான் நிறையப் போலிகள் மாட்டிக்கொள்கின்றன. எழுதிய பின் மடித்த தாளில், மடிப்பு எழுத்தைக் கடக்கும் இடத்தில் மை உடைந்திருக்கும்; உடைசலில் வெளிறிய நார் தெரியும். ஏற்கெனவே மடிந்து தேய்ந்த பழைய தாளில் பின்னால் எழுதினால் மை அந்த வெடிப்புக்குள் இறங்கி, மடிப்போடு இருபுறமும் கசிந்திருக்கும். பழைய தாளில் புதிதாக எழுதினால் இன்னொரு கோளாறும் வரும். மை பரவாமல் இருக்கத் தாளுக்குப் போடும் பசைப்பூச்சு காலப்போக்கில் வலுவிழக்கிறது. அதன் மேல் எழுதினால் கோட்டின் ஓரம் இறகு இறகாகப் பிரியும். ஈரம் பட்ட அசல் கடிதத்திலும் அங்கங்கே இப்படி இருக்கலாம். கடிதம் முழுக்க ஒரே சீராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தாளை ஒளிக்கு எதிரே பிடித்து நீரெழுத்து (தாள் செய்யும்போதே அதனுள் பதியும் குறி) இருக்கிறதா பாருங்கள். வரிவரியாகக் கம்பித் தடம் தெரிந்தால் கம்பிச் சட்டத்தில் வடித்த தாளின் அமைப்பு. தடமே இல்லாத வழவழப்புத் தாள் ஐரோப்பாவில் 1750-களின் பிற்பகுதியில்தான் வந்தது. மரக்கூழ்த் தாள் 1840-களுக்குப் பிந்தியது. செயற்கைச் சாய ஊதா மை 1856-க்குப் பிந்தியது. பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்து பரவியது 1945-இல். புற ஊதா டார்ச்சை இருட்டறையில் காட்டும்போது தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது தாளில் சேரத் தொடங்கியது 1950 வாக்கில். 1890 தேதியிட்ட கடிதம் அப்படி ஒளிரக் கூடாது. ஆனால் பிற்காலத்தில் பின்னால் ஒட்டிய தாள் ஒளிர்வதைக் கடிதமே ஒளிர்வதாக எண்ணிவிடாதீர்கள். ஓரத்தில் இரண்டு அடுக்கா என்று பாருங்கள்.

கையெழுத்தை ஒப்பிடுவது கடைசியில். கித்தானில் தூரிகையால் போட்ட கையொப்பத்தோடு கடிதத்தை ஒப்பிடுவது பயனற்ற வேலை. கருவி வேறு, கை அசையும் விதமும் வேறு. அதே சில ஆண்டுகளில், அதே மொழியில் எழுதிய, நிறுவனம் ஒன்றில் இருக்கும் கடிதங்களோடு ஒப்பிடுங்கள். பார்த்துப் பார்த்து எழுதும் கை மெதுவாகப் போகும். கோட்டின் தொடக்கமும் முடிவும் மொண்ணையாக இருக்கும், ஒரே இழுப்பில் வர வேண்டிய எழுத்தின் நடுவில் பேனா தூக்கிய தடம் இருக்கும். நடுக்கம் மட்டும் போலிக்குச் சான்றாகாது. ஓவியர் ரெனுவாருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அவருடைய பிற்காலக் கடிதம் நடுங்காமல் சரளமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தாளும் மையும் பொருந்தினாலும் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். 1860-களில் வ்ரேன் லூக்கா என்பவர் மிஷேல் ஷால் என்ற பெரிய கணித அறிஞருக்கே 27,000-க்கும் மேற்பட்ட போலிக் கடிதங்களை விற்றார். பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளில் எழுதியதால் தாள் பழையதாகவே இருந்தது. ஆனால் கிளியோபாட்ராவும் மகதலேனா மரியாளும்கூட அந்தக் கடிதங்களில் பிரெஞ்சு பேசினார்கள்! 1870-இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை. ஓவியர் கடிதத்தில் இந்த அளவுக்கு அப்பட்டமாக இருக்காது. கடிதத்தின் தேதியன்று அவர் அந்த ஊரில் இருந்தாரா, தாளின் தலைப்பில் அச்சான முகவரியில் அப்போது குடியிருந்தாரா, குறிப்பிடும் படத்துக்கு அந்தப் பெயர் அதற்குள் வந்துவிட்டதா – இந்த மூன்றையும் சரிபாருங்கள்.

கேள்வி: மெல்லிய திசுத்தாளில் மங்கலாக ஒரு கடிதம். எழுத்து தாளின் உள்ளிருந்து தெரிவதுபோல் இருக்கிறது. ஜெராக்ஸ் காலத்துக்கு முந்தியது. இது என்ன?

பதில்: அழுத்தப் பிரதி. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற முறை. எழுதிய கடிதத்தின் மேல் ஈரமான திசுத்தாளை வைத்து அழுத்தினால் மையில் கொஞ்சம் ஏறிவிடும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிவதால் தாளின் மறுபக்கம் வழியாகப் படிப்பார்கள். இது அனுப்பியவர் தன்னிடம் வைத்துக்கொண்ட பிரதி. அசலின் விலை கிடையாது. ஆனால் அசல் அழிந்துவிட்டிருந்தால் அந்த வாசகத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆதாரம் இதுவாக இருக்கலாம், எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: பழுப்பு மையில் எழுதிய கடிதம். சில எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டை விழுகிறது. மடிப்பில் யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் மஞ்சளாகிவிட்டது. விற்பதற்கு முன் சரிசெய்துவிடலாமா?

பதில்: நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம். அது இரும்பு மை. ஓக் மரத்து மாசிக்காயின் துவர்ப்புச் சாற்றோடு இரும்பு சல்பேட் சேர்த்துக் காய்ச்சியது. எழுதும்போது வெளிறியிருந்து காற்றுப்பட்டுக் கறுக்கும், பல பத்தாண்டுகளில் பழுப்பாகும். அதிலுள்ள அமிலமும் எஞ்சிய இரும்பும் தாளின் நாரை அரிக்கின்றன. முதலில் எழுத்தின் பின்புறம் பழுப்பு நிழல் தெரியும், பிறகு நுண்ணிய வெடிப்பு, கடைசியில் எழுத்தே உதிர்ந்துவிடும். மை தடித்து நிற்கும் இடம்தான், அதாவது கையொப்பத்தின் சுழிப்பும் அடிக்கோடும்தான், பெரும்பாலும் முதலில் போகும்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பழுது இங்கே ஆபத்து. ஓட்டையை அடைக்க மாவுப்பசை தடவிய மெல்லிய தாளை ஒட்டினால், பசையின் ஈரத்தில் இரும்பு கரைந்து, இதுவரை நன்றாக இருந்த பகுதிக்கும் பரவும். சில வருடத்தில் ஒட்டிய இடத்தைச் சுற்றி பழுப்பு வளையம் தோன்றும். அதனால் தாள் பாதுகாப்பு வல்லுநர்கள் முன்கூட்டியே பசை தடவிக் காயவைத்த தாளை, மிகக் குறைந்த ஈரத்தில் பயன்படுத்துகிறார்கள். செலோடேப்பின் கதையும் அதுவே: பசை தாளுக்குள் இறங்கிவிட்டது. நாடாவை உரித்தால் மேல்நாரும் எழுத்தும் கூடவே வந்துவிடும், முடி உலர்த்தியால் சூடு காட்டினால் பசை இன்னும் ஆழமாகப் போகும்.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். அமிலமற்ற தாள் மடலுக்குள் தட்டையாக வையுங்கள். வெப்பம் 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. இரண்டும் அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது அதைவிட முக்கியம். பாலியஸ்டர் உறை மற்றக் கடிதங்களுக்குச் சரி, உதிரும் மைக்கும் கரிக்கோல், பாஸ்டல் படங்களுக்கும் ஆகாது. அதன் நிலைமின்சாரம் துகளை இழுத்துக்கொள்ளும். லாமினேஷன் செய்வது மட்டும் எந்தக் கடிதத்துக்கும் கூடாது.

விலையைப் பொறுத்தவரை, மடிப்பில் சிறு விரிசல், லேசான பழுப்புப் புள்ளி இவற்றை வாங்குபவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. எழுத்து இழப்பு, ஓரம் வெட்டியது, கையொப்பத்தின் மேல் நாடா – இவைதான் விலையை இறக்கும். சரியாகச் செய்யாத பழுது, பழுதே பார்க்காததைவிட மோசம்.

கேள்வி: கடிதத்தின் நடுவில் சின்ன நீர்வண்ணப் படம் இருக்கிறது. படத்தை மட்டும் தனியாக எடுத்துச் சட்டம் போட்டால் ஓவியமாக விற்கலாமே?

பதில்: தயவுசெய்து கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்! எழுத்தும் படமும் சேர்ந்திருப்பதால்தான் அந்தக் கடிதத்துக்கு அந்த விலை. ஓவியர் மனே 1880 கோடையில் பாரிஸுக்கு அருகே பெல்வூவில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தபோது நண்பர்களுக்குப் பூவும் பழமும் வரைந்து அனுப்பிய சிறு கடிதங்களை அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. பலவற்றில் சில வரிகள்தான் எழுத்து. அந்த வரிகளை நீக்கினால் மிஞ்சுவது, யாருக்கு எப்போது வரைந்தது என்ற ஆதாரம் இழந்த ஒரு துண்டு. கையொப்பத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டும் பழைய பழக்கத்தால் அழிந்த கடிதங்கள் கணக்கில்லை.

மாட்டிவைக்க ஆசையென்றால் நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள். நீர்வண்ணம் ஒளியில் வெளிறும். போன நிறம் திரும்பாது. அசலைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும்.

கேள்வி: கையுறை போட்டுத்தான் தொட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கையே நல்லது. பருத்திக் கையுறையில் விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும்; கிழிந்த ஓரம் நூலில் மாட்டும். கடிதத்தோடு ஒட்டியிருக்கும் புகைப்படம், கண்ணாடித் தகடு இவற்றைத் தொட மட்டும் கையுறை.

கேள்வி: மூன்று பேர் மூன்று தொகை சொல்கிறார்கள். காப்பீட்டுக்கு ஒரு மதிப்பு, ஏல நிறுவனம் சொன்னது அதில் பாதி, வியாபாரி தருவதாகச் சொன்னது அதற்கும் கீழே. யாரை நம்புவது?

பதில்: மூவரும் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். அவர்கள் பதில் சொன்ன கேள்விகள் வேறு. காப்பீட்டு மதிப்பு என்பது, கடிதம் தொலைந்தால் அதற்கு ஈடான ஒன்றைக் கடையில் உடனே வாங்க ஆகும் செலவு. அதனால் மேலே இருக்கும். ஏல மதிப்பு, அவசரமில்லாத வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொள்ளும் விலைக்கு நெருக்கமானது. போட்டி கிளம்ப வேண்டும் என்று அதைக் கொஞ்சம் தாழ்த்தியே வைப்பார்கள். வியாபாரி உடனே பணம் தருகிறார். விற்க அவருக்கு இரண்டு வருடம் ஆகலாம்.

ஏலக் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். சுத்தியல் தட்டிய விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்றால் அவர் தருவது 125. விற்பவரிடம் 12 சதவீதக் கமிஷன், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் ஒரு 3 என்று பிடித்தால் உங்கள் கைக்கு வருவது 85. செய்தியில் வருவது பெரும்பாலும் 125. அதைப் படித்துவிட்டு 125 எதிர்பார்ப்பதால்தான் பாதி வருத்தம்.

முந்தைய விற்பனைகளை ஒப்பிடும்போது அதே ஓவியரின் கடந்த ஐந்து ஆண்டு முடிவுகளை எடுங்கள். படம் உள்ளவற்றைத் தனியே பிரியுங்கள். கையொப்பம் மட்டும் உள்ளவற்றையும் தனியே. கட்டணம் சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் கலக்க வேண்டாம். விற்காமல் திரும்பியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'இந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை' என்ற தகவலும் விலை பற்றிய தகவல்தான். விற்பனைத் தளங்களில் ஒருவர் கேட்கும் விலையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். கேட்பதெல்லாம் கிடைத்த விலை ஆகாது. மிஞ்சுபவற்றை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள், சராசரியை வேண்டாம். ஒரே ஓர் அபூர்வக் கடிதம் சராசரியை எங்கோ தூக்கிவிடும்.

மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே இரண்டு கேள்விகள் கேளுங்கள். கட்டணம் மணிக்கணக்கிலா, கடிதத்துக்கு இவ்வளவு என்றா, அல்லது மதிப்பில் இத்தனை சதவீதமா? சதவீதம் என்றால் விலகிவிடுங்கள். மதிப்பு கூடினால் அவருக்கு லாபம். இரண்டாவது, இந்தக் கடிதத்தை அவரே வாங்க விரும்புவாரா? ஆம் என்றால் அவர் சொல்வது வாங்கும் விலை, மதிப்பீடு அல்ல. எழுத்து அறிக்கையில் எந்த நோக்கத்துக்கான மதிப்பு, எந்தத் தேதியில், எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டு என்பது இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத அறிக்கையைக் காப்பீட்டாளர் ஏற்பது கடினம்.

கேள்வி: கடிதம் என்னுடையது. அதன் வாசகத்தைப் புத்தகமாக வெளியிடலாமா?

பதில்: தாள் உங்களுடையது, வாசகம் எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. பல நாடுகளில் ஓவியர் இறந்த பின் 70 ஆண்டு பதிப்புரிமை. அந்தக் கணக்கில் 1890-இல் இறந்த வான் கோவின் வாசகம் எப்போதோ பொதுவுடைமை. 1954-இல் இறந்த மத்தீஸின் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது. 1973-இல் இறந்த பிக்காஸோவுக்கு 2043 முடிய இருக்கிறது. இதுவரை அச்சாகாத கடிதங்களுக்குச் சில நாடுகளில் தனி விதி உண்டு. வெளியிடும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். விற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் பழைய கையெழுத்துப் பிரதிகளை எல்லைக்கு வெளியே அனுப்பப் பல நாடுகளில் அரசு அனுமதி வேண்டும். ஏலத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே இதை விசாரியுங்கள்.

கேள்வி: முதன்முதலாக ஒரு கடிதம் வாங்கப் போகிறேன். விற்பவரிடம் என்ன காகிதம் கேட்பது? உத்தரவாதச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: சான்றிதழைவிட, கடிதம் கைமாறிய வரலாற்றைக் கேளுங்கள். பெற்றவர் குடும்பத்திலிருந்து எப்போது வெளியே வந்தது, எந்த ஏலத்தில், எந்த ஆண்டு, பட்டியல் எண் என்ன, அதன்பின் யாரிடம் இருந்தது. பட்டியல் எண் கிடைத்தால் பழைய பட்டியலின் படத்தோடு கடிதத்தை ஒப்பிடலாம். கிழிசலும் மைக்கறையும் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் கொடுத்தால் அதில் கையொப்பமிட்டவரின் தகுதி, போலி என்று தெரிந்தால் எத்தனை ஆண்டு வரை பணம் திரும்பும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, ஆவணக் காப்பகத்திலிருந்து களவுபோன கடிதங்களும் சந்தையில் திரிகின்றன. மூலைகளையும் பின்பக்கத்தையும் நிதானமாகப் பாருங்கள்: ஒரே இடத்தில் மட்டும் தாள் சுரண்டப்பட்டு மெலிந்திருப்பது, ஓர் ஓரம் மட்டும் புதிதாக வெட்டப்பட்டிருப்பது, இடது ஓரத்தில் தையல் துளைகள், பென்சிலில் எழுதி அழித்த எண். அழித்த ரப்பர் ஸ்டாம்ப் புற ஊதா ஒளியில் பல சமயம் மறுபடி தெரியும். அப்படி ஒன்று தெரிந்தால் முன்பணம்கூடக் கொடுக்காமல், இருபக்கமும் படம் எடுத்து, அந்த ஓவியரின் கடிதங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.